நினைவுப் பதக்கம், நினைவு நாணயம்: வாங்கி வைத்தால் தேறுமா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

எல்லோருக்கும் வணக்கம். குறுவை நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியிருக்கிறது. கடன் அடைத்தது போகக் கையில் கொஞ்சம் நிற்கிறது. எப்படி மோப்பம் பிடித்தாரோ, மச்சான் ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரிடம் இரண்டு சரக்கு.

ஒன்று, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று வருஷம் போட்டு வந்த ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயம், பெட்டியோடு. இன்னொன்று, சோழ மன்னர்கள் என்று ஒரு பதக்கப் பெட்டி. விஜயாலயனில் தொடங்கி ராஜாவுக்கு ஒரு பதக்கம், 24 காரட் தங்க முலாம், நீல வெல்வெட் மெத்தை, எண் போட்ட சான்றிதழ். "ஐந்நூறு செட்தான் அடித்திருக்கிறோம், அச்சை உடைத்தாயிற்று, ஐந்து வருஷத்தில் மூன்று மடங்கு" என்று அவர் மச்சானிடம் சொல்லி, மச்சான் என் வீட்டுக்காரியிடம் சொல்லி, இப்போது வீட்டில் சந்தேகப்படுகிற ஒரே ஆள் நான்தான்.

எனக்கும் காசு சேர்க்கிற ஆசை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் விலை ஏறுமா, பரணில் தூங்குமா? பதக்கமும் நாணயமும் ஒரே கணக்கா? ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கேட்டிருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உருக்கிப்போடு (பட்டுக்கோட்டை)

வேண்டாம். கட்டி வெள்ளி வாங்கி வையுங்கள். அடுத்த கேள்வி.

சோழநாட்டுச் சில்லறை (திருவாரூர்)

பட்டுக்கோட்டைக்காரர் எந்த இழையிலும் இதையேதான் சொல்வார், கண்டுகொள்ளாதீர்கள்.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். நாணயம் என்றால் அதில் முகமதிப்பு, அதாவது இத்தனை ரூபாய் என்று அதிலேயே போட்ட மதிப்பு, இருக்கும், மத்திய அரசு மட்டும்தான் வெளியிடலாம், 2011 நாணயச் சட்டத்துக்கு உட்பட்டது. அடிப்பது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளில்தான். பதக்கத்துக்கு முகமதிப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்: அரசு, சங்கம், கல்லூரி, நகைக்கடை, உங்கள் மச்சானின் நண்பர். ஆகவே "ஐந்நூறுதான் அடித்தோம்" என்பதற்கு அவர் வாய்தான் சாட்சி. சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருப்பவர் யார் என்று பாருங்கள். விற்கிறவரே போட்டிருப்பார்.

பெரிய கோயில் நாணயம் வேறு விஷயம். அது அரசு வெளியீடு. ஆயிரம் ரூபாய் மதிப்பில் இந்தியா வெளியிட்ட முதல் நாணயம் அது. அதே விழாவுக்காக அதே கோயிலோடு ஐந்து ரூபாய் நாணயமும் புழக்கத்துக்கு வந்தது. அந்த ஐந்து ரூபாய் என்னிடம் நிறைய உண்டு. டீக்கடைச் சில்லறையில் கிடைத்தவை, செலவு தலா ஐந்து ரூபாய்.

குடந்தைப் பத்தர் (கும்பகோணம்)

தம்பி நீடாமங்கலம், பட்டறைக்காரன் கணக்கைச் சொல்கிறேன்.

ஆயிரம் ரூபாய் நாணயம் 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. ஆக 28 கிராம் சுத்த வெள்ளி. சில வருஷம் முன்புவரை வந்த நூறு ரூபாய் நினைவு நாணயங்களும் பெரும்பாலும் 35 கிராம்தான், ஆனால் பாதிதான் வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அதில் கையில் நிற்பது 17.5 கிராம். 1969-இல் வந்த காந்தி பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீதம், ஆக 12 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் தரைவிலை வந்துவிடும். வியாபாரி கேட்கிற விலையில் அதைக் கழி. மிச்சம் இருப்பதுதான் பெட்டிக்கும் பெருமைக்கும் நீ கொடுக்கிற பணம். அது கொஞ்சமாக இருந்தால் வாங்கு. வெள்ளி ஏறியிருக்கிற நேரத்தில் பழைய விலைக்கே யாராவது தந்தால் இன்னும் நல்லது, ஆனால் வியாபாரி அவ்வளவு ஏமாளியாக இருக்க மாட்டார்.

முலாம் பதக்கத்துக்கு இந்தக் கணக்கே கிடையாது. தங்க முலாம் என்பது மைக்ரான் கணக்கு. முழு செட்டையும் சுரண்டினாலும் ஒரு மூக்குத்திக்குத் தேறாது. உள்ளே செம்போ பித்தளையோ. என் கடைக்கு இந்த மாதிரிப் பெட்டிகள் வருகின்றன, பெரும்பாலும் வாங்கினவர் காலமான பிறகு பிள்ளைகள் கொண்டுவருவார்கள். தராசில் பித்தளையாகப் போட்டுத்தான் எடுப்பேன். அவர்கள் முகம் சுருங்கும். வெல்வெட் பெட்டியை நான் எடுப்பதில்லை, அதைத் திரும்பக் கொண்டுபோய்விடுவார்கள்.

அந்த ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேள். "இன்று வாங்கி நாளைக்குத் திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" பதிலை இங்கே வந்து எழுது.

தரங்கை உப்புக்காற்று (பொறையாறு)

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

ராஜராஜன் பேரில் அடித்த முலாம் பதக்கத்துக்கு அவ்வளவு பணம் கேட்கிறார்களே, ராஜராஜன் அடித்த காசு என்ன விலை என்று யாராவது கேட்டீர்களா? செப்புக் காசு. ஒரு பக்கம் ராஜா நிற்பார், கையில் பூ. மறுபக்கம் உட்கார்ந்திருப்பார், கைக்குக் கீழே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருக்கும். உருவம் என்றால் சிற்பம் மாதிரி எதிர்பார்க்காதீர்கள். கையும் காலும் குச்சி குச்சியாக, தலை ஒரு உருண்டை. பச்சைக் களிம்பு ஏறி, ஓரம் தேய்ந்து, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். சுமாரான நிலையில் உள்ளது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆயிரம் வருஷத்துக் காசு, அசல், சில நூறு ரூபாய்!

ஏன் இவ்வளவு மலிவு? ஏனென்றால் மலைமலையாக அடித்திருக்கிறார்கள். தமிழ்நாடு, இலங்கை எங்கும் கிடைக்கிறது. பழையது என்பதால் விலை வராது, அரிதாக இருந்து அதைத் தேடுகிற ஆளும் இருந்தால்தான் வரும். முலாம் பதக்கத்தில் இரண்டாவது இல்லை. ஐந்நூறு செட் வைத்திருக்கிற ஐந்நூறு பேரும் விற்கத்தான் காத்திருப்பார்கள், வாங்க ஒருவரும் இருக்க மாட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பொருள் எப்படி அரிதாகிறது? நூறு பேரிடம் இருந்து தொண்ணூற்றைந்து பேர் தொலைத்தால், உருக்கினால், ஆற்றில் போட்டால், மீதி ஐந்துக்கு மதிப்பு. பெட்டியோடு, கையுறையோடு, சான்றிதழோடு விற்கிற பொருளை யாரும் தொலைப்பதில்லை. ஐம்பது வருஷம் கழித்தும் ஐந்நூறும் ஐந்நூறாகவே இருக்கும்.

எங்கள் தரங்கம்பாடிக் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். டேனிஷ்காரர்கள் 1620-இல் வந்து 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இடையில் ஈயத்திலும் செம்பிலும் பொடிப்பொடிக் காசுகளாக அடித்துத் தள்ளினார்கள். ஒரு பக்கம் கிரீடமும் ராஜாவின் பெயரெழுத்தும் பின்னிக்கிடக்கும். யாரும் சேர்த்துவைக்க வேண்டும் என்று அடித்ததில்லை. மீன் வாங்க, உப்பு வாங்க அடித்தது. ஈயக்காசு உப்புக்காற்றில் பொரிந்து உதிர்ந்துவிடும் என்பதால் எழுத்து தெரிகிற நிலையில் உள்ளதற்குப் பின்னால் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கோட்டை அருங்காட்சியகத்தில் கொஞ்சம் இருக்கிறது, போனால் பாருங்கள்.

உருக்கிப்போடு (பட்டுக்கோட்டை)

உப்புக்காற்றுக்காரர் நான் சொன்னதையே நாற்பது வரியில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் பிராங்க்ளின் மிண்ட் என்று ஒரு கம்பெனி 1970-களில் மாதம் ஒரு வெள்ளிப் பதக்கம் என்று சந்தா வைத்து லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு விற்றது. சேர்த்தவர்கள் விற்கப் போனபோது வெள்ளி எடைக்குத்தான் கேட்டார்கள். 1980 ஜனவரியில் வெள்ளி விலை எகிறியபோது ஏகப்பட்ட பதக்கம் உலைக்குப் போனது. வெள்ளைக்காரனுக்கே அந்தக் கதி.

சோழநாட்டுச் சில்லறை (திருவாரூர்)

உருக்கிப்போடு அண்ணா, ஒரு திருத்தம். நாணயத்தை உருக்குவது அந்த 2011 சட்டப்படி குற்றம். பதக்கத்தை உருக்கிக்கொள்ளுங்கள், காந்தி பத்து ரூபாயை உலையில் போடாதீர்கள்.

உப்புக்காற்று சார் சொன்னதில் எனக்கு ஒரு பாதி உடன்பாடு. ஆனால் நினைவு நாணயம் என்றாலே வீண் என்று முடித்துவிடாதீர்கள். காசு போகாமல் சேர்க்க ஒரு வழி இருக்கிறது, புழக்கத்துக்கு வந்தவற்றை மட்டும் சேர்ப்பது.

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-இல் நேருவுக்கு வந்தது, ஒரு ரூபாயும் ஐம்பது காசும். நம் பக்கத்துக்கு என்று பார்த்தால் 1995 திருவள்ளுவர். எட்டாம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சாவூரில் நடந்தபோது ஒன்று, இரண்டு, ஐந்து என்று மூன்று மதிப்பிலும் வந்தது. மாநாட்டுக்காகப் போட்ட சாலைகளில் பாதி பள்ளமாகிவிட்டன, நாணயம் இன்னும் சில்லறையில் வருகிறது. 2009-இல் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கும். நாணயத்தைச் சாய்த்துப் பிடித்தால் பேனா ஓடிய மாதிரியே தெரியும். இவற்றையெல்லாம் பஸ் கண்டக்டரிடமும் கோயில் வாசல் தேங்காய்க்கடையிலும் வாங்கலாம். வருடத்துக்குக் கீழே சின்னக் குறியைப் பாருங்கள். வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. நான்கையும் சேர்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. விலை ஏறாவிட்டாலும் ஐந்து ரூபாய் ஐந்து ரூபாயாகவே செல்லும், நஷ்டமே கிடையாது. பையனோடு உட்கார்ந்து பிரிப்பதற்கு இதைவிட நல்லது இல்லை.

ஆனால் யூடியூபில் "இந்த ஐந்து ரூபாய் இருந்தால் ஐந்து லட்சம்" என்று வருகிறதே, அது சுத்தப் புளுகு. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்வார்கள், "ஓகே ஆகிவிட்டது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள்" என்பார்கள், ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம்கூட வரும். 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டுவிட்டது, பழைய நாணயம் வாங்கி விற்கிற வேலையில் நாங்கள் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று.

பழங்காசு_பாண்டி (புதிய உறுப்பினர்)

என்னிடம் 1818 கிழக்கிந்தியக் கம்பெனி ராமர் பட்டாபிஷேகக் காசு உள்ளது. அரிசியை இழுக்கிறது. விலை சொல்லவும்.

குடந்தைப் பத்தர் (கும்பகோணம்)

அரிசியில் இரும்புத் தூள் தடவினால் என் காந்தமும் இழுக்கும் தம்பி.

தரங்கை உப்புக்காற்று (பொறையாறு)

கம்பெனி அணா நாணயங்களில் அவர்களுடைய சின்னம்தான் இருக்கும். ராமர், அனுமார் போட்ட 1616, 1717, 1818 எல்லாம் பிற்காலத்தில் யாரோ அடித்த கற்பனைச் சரக்கு. சாமி உருவம் வேண்டுமென்றால் சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனி அடித்த வெள்ளி அரை வராகனைத் தேடுங்கள். ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. அது அசல்.

நடுவர்

அரிசி இழுக்கும் காசு, இரிடியம் போன்ற மோசடிகள் பற்றிய பதிவுகள் இனி நீக்கப்படும். தலைப்புக்கு வாருங்கள்.

மயூரம் டீச்சர் (மயிலாடுதுறை)

எல்லோரும் விலை, எடை என்றே பேசுகிறீர்கள். நான் ஒரு பொருளைக் காட்டுகிறேன், இது சேருமா சேராதா சொல்லுங்கள்.

அம்மா வழித் தாத்தாவின் அப்பாவுடையது. கனமான வெள்ளி வட்டம், மேலே ஒரு நேர்ப் பட்டை வைத்து நாடா கோர்க்கிற மாதிரி. நாடா எப்போதோ மக்கிப்போய்விட்டது. ஒரு பக்கம் ராஜா தலை, சுற்றி லத்தீன் எழுத்து. மறுபக்கம் உடுப்பே இல்லாத ஒரு ஆள் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார், குதிரையின் காலடியில் கேடயமும் மண்டை ஓடும், ஓரத்தில் 1914, 1918. சின்ன வயதில் நாங்கள் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்து அடி வாங்கியிருக்கிறோம். அம்மா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் விபூதி போட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்து, அரிவாள்மணை பக்கத்தில் வைப்பார். ராஜாவின் மூக்கு மழுங்கிவிட்டது.

விளிம்பில் எழுத்து இருக்கிறது என்பதே இந்த இழையைப் படித்தபின்தான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதலில் ஒரு எண், அப்புறம் 'எஸ்.பி.ஆர்.', அப்புறம் தாத்தாவின் பெயர் ஆங்கிலத்தில் தப்புத் தப்பாக, கடைசியில் 'எஸ் அண்ட் எம்' என்று முடிகிறது. நடுவில் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அவர் பட்டாளத்துக்குப் போனார் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியாது. இது நினைவுப் பதக்கமா?

ரெஜிமென்ட் பழசு (ஒரத்தநாடு)

டீச்சரம்மா, அதை இனிமேல் தேய்க்கவே தேய்க்காதீர்கள். விபூதியோ பற்பசையோ எதுவும் வேண்டாம். குங்குமம் வைக்கலாம், பெட்டிமேல் வையுங்கள்.

அது முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். ராஜா ஐந்தாம் ஜார்ஜ். குதிரையில் இருப்பவர் புனித ஜார்ஜ். 'எஸ்.பி.ஆர்.' என்றால் சாப்பர். 'எஸ் அண்ட் எம்' என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், தேய்ந்துபோன இடத்தில் 'க்யூ.வி.ஓ.' என்று இருந்தால் விக்டோரியா ராணி பெயரில் இருந்த மதராஸ் படை. அதுதான் இன்றைக்கு பெங்களூரில் இருக்கிற மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். பாலம் கட்டுவது, பாதை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது இவர்கள் வேலை. மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இந்தப் படை இருந்திருக்கிறது. எண் அழியாமல் இருக்கிறது என்கிறீர்களே, அதுதான் பெரிய விஷயம். எண், பெயர், படை மூன்றையும் எழுதிப் பெங்களூருக்கு ஒரு கடிதம் போடுங்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலிலும் தேடலாம். திரும்பி வந்தவர் என்றால் அங்கே இருக்க மாட்டார்.

இதே பதக்கத்தை வெண்கலத்திலும் கொடுத்தார்கள், தொழிலாளர் படைப் பிரிவில் போனவர்களுக்கு. வெண்கலம்தானே என்று நிறைய வீடுகளில் பாத்திரத்தோடு எடைக்குப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அதுதான் கிடைப்பதில்லை.

நினைவுப் பதக்கமா என்று கேட்டால், இது பணிக்காகக் கொடுத்தது. நினைவுக்காகக் கொடுத்ததும் பட்டாளத்தில் உண்டு. 1972-இல் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம், 1997-இல் பொன்விழாப் பதக்கம். அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று உண்டு. சந்தையில் அதற்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். கண்டோன்மென்ட் பக்கத்துக் கடைகளில் உடுப்பில் குத்திக்கொள்ள நகல் பதக்கம் புதிதாகவே விற்பார்கள். விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் இருந்தால் ஒரு ஆளுடையது. மொட்டையாக இருந்தால் கடையுடையதாக இருக்கலாம்.

மயூரம் டீச்சர் (மயிலாடுதுறை)

ரொம்ப நன்றி சார். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பாலம் கட்டவா போனார், சண்டைக்கு இல்லையா?" என்று கொஞ்சம் ஏமாற்றம்.

ரெஜிமென்ட் பழசு (ஒரத்தநாடு)

குண்டு விழுகிற இடத்தில்தான் பாலம் கட்டுவார்கள் என்று சொல்லுங்கள்.

குடந்தைப் பத்தர் (கும்பகோணம்)

விளிம்பைப் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. என்னிடம் பழைய கல்லூரிப் பரிசுப் பதக்கங்கள் வருவதுண்டு, கையால் பெயர் வெட்டியவை. இன்ன பாடத்தில் முதல், இன்னார், வருஷம். அந்த எழுத்து வெட்டியவன் கை என் தாத்தா தலைமுறைக் கை. இன்றைக்கு லேசரில் அந்த வளைவு வராது. உருக்க மனது வராமல் நானே எடை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். என் பையன் திட்டுகிறான், கடை நடத்துகிறாயா மியூசியம் நடத்துகிறாயா என்று.

பராமரிப்பும் சொல்லிவிடுகிறேன். செம்பைப் புளி போட்டு, வெள்ளியை விபூதி போட்டுத் தேய்ப்பது குத்துவிளக்குக்குச் சரி. காசுக்கும் பதக்கத்துக்கும் தேய்த்த அன்றோடு பாதி விலை போச்சு. மேல்தோலோடு எழுத்தின் கூரும் போய்விடும். கறுத்திருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டால் பச்சையாக ஒரு பிசுக்கு கக்கும். அது வந்துவிட்டால் அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. கடலோரக்காரர்களுக்குச் சிலிக்கா ஜெல் பை அவசியம்.

சோழநாட்டுச் சில்லறை (திருவாரூர்)

பத்தர் ஐயா, ஆயிரம் ரூபாய் நாணயம் அசலா என்று எப்படிப் பார்ப்பது? உரைகல்லில் உரசலாமா?

குடந்தைப் பத்தர் (கும்பகோணம்)

உரசினால் வெள்ளியா என்று தெரியும், நாணயம் போய்விடும். தண்ணீரில் நிறுப்பதுதான் நல்லது. முதலில் சும்மா நிறு, 35 கிராம் வர வேண்டும். விட்டம் 44 மில்லிமீட்டர். அப்புறம் மெல்லிய நூலில் கட்டிக் காய்ச்சி வடித்த தண்ணீரில் முழுக்க முங்குகிற மாதிரி, அடியில் தொடாமல் தொங்கவிட்டு நிறு. 80 சதவீத வெள்ளி என்றால் சுமார் மூன்றரை கிராம் குறையும். செம்பின்மேல் வெள்ளி முலாம் என்றால் நாலு கிராமை நெருங்கிவிடும். அரை கிராம் வித்தியாசம் நகைத் தராசில் பளிச்சென்று தெரியும். பிறகு ஒற்றித் துடை, தேய்க்காதே. கண்ணாடி போல மின்னுகிற ப்ரூஃப் நாணயம் சீல் வைத்த உறையில் இருந்தால் இதைச் செய்யாதே, உறையைப் பிரிக்காதே, தெரிந்த கடையில் வாங்கு.

திருக்குவளைக்காரன் (நாகப்பட்டினம் மாவட்டம்)

கலைஞர் நூறு ரூபாய் நாணயம் 2024 ஆகஸ்டில் வந்தபோது நான் வாங்கினேன். 'தமிழ் வெல்லும்' என்று தமிழிலேயே போட்டிருக்கிறது. விலை ஏறுமா என்று நான் யோசிக்கவே இல்லை, எங்கள் ஊரில் பிறந்தவர், வாங்கினேன். 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் ராஜேந்திர சோழன் நாணயம் வெளியிட்டார் அல்லவா, அரியலூரில் என் மைத்துனர் அதற்கு ஆசைப்படுகிறார். ஊர்ப்பாசத்துக்கு எடை பார்க்க முடியுமா?

உருக்கிப்போடு (பட்டுக்கோட்டை)

பாசத்துக்குச் சரி. அதையே வியாபாரி உங்களிடம் முதலீடு என்று சொன்னால் சண்டை.

நடுவர்

ஊர்ப்பாசம் வரைக்கும் அனுமதி, கட்சிப்பாசம் வேண்டாம்.

தரங்கை உப்புக்காற்று (பொறையாறு)

திருக்குவளைக்காரருக்கு ஒரு வார்த்தை. அப்படி வாங்குவது என்றால் இடைத்தரகரிடம் வாங்காமல், அறிவிப்பு வரும்போது நாணயச்சாலையின் இணையதளத்திலேயே முன்பதிவு செய்யுங்கள். "கிடைக்கவே கிடைக்காது" என்று பதறத் தேவையில்லை. தவறவிட்டால் பிறகு வெளியில் கூடுதல் விலை, அவ்வளவுதான்.

பதக்கத்திலும் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. மேட்டூர் அணை 1934-இல் திறந்தபோது அதற்கென்று ஒரு பதக்கம் அடித்திருந்து, அது எங்காவது ஒரு எஞ்சினியர் வீட்டுப் பெட்டியில் இருந்தால், எடை எவ்வளவு என்றுகூடக் கேட்க மாட்டேன். நம் தாத்தாக்களின் தண்ணீர் விவகாரம் மொத்தமும் அந்த ஒரு வட்டத்தில் இருக்கும். ஆள்பெயர் அல்லது ஒரு நிகழ்ச்சி, அன்றைக்கே, அந்த இடத்திலேயே கொடுத்தது, இப்படி இருந்தால் பதக்கம் நாணயத்தைவிட மேல். விஜயாலயனுக்கு இவ்வளவு நூற்றாண்டு கழித்து ஒரு பட்டறையில் முகம் கற்பனை பண்ணி அடிப்பது அந்தக் கணக்கில் வராது.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

பத்தர் ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன். "நாங்கள் விற்பனை மட்டும்தான் சார், திரும்ப எடுப்பதில்லை, ஆனால் சென்னையில் கேட்கிறார்கள்" என்றார். சென்னையில் யார் என்று கேட்டேன். போன் வந்துவிட்டது அவருக்கு. பதக்க செட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மச்சான் ஒரு நாள் பேசவில்லை, இப்போது சரியாகிவிட்டார்.

ஆயிரம் ரூபாய் நாணயத்துக்கு மட்டும் இன்னும் மனது அடித்துக்கொள்கிறது. எங்கள் அப்பா பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்குப் போய்க் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தவர். 28 கிராம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கேட்கிற விலை அதற்கு மேலே கொஞ்சம் அதிகம்தான். பேசினால் இறங்குவார் போல. தராசு வைத்துப் பார்த்துத்தான் எடுப்பேன் என்றேன், சரி என்றிருக்கிறார்.

இன்னொன்று, உப்புக்காற்று சார், அந்த ராஜராஜன் செப்புக்காசு ஒன்று பையனுக்கு வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒருவர் வயலில் கிடைத்தது என்று ஒரு பிடி வைத்திருக்கிறார், மலிவாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

தரங்கை உப்புக்காற்று (பொறையாறு)

வயலில் கிடைத்தது என்று சொன்ன உடனே கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் உண்மை சொல்கிறார் என்றால் பிடி காசும் தாசில்தார் ஆபீசுக்குப் போக வேண்டியது. பொய் சொல்கிறார் என்றால் வார்ப்புப் போலியாக இருக்கும்: ஓரத்தில் அச்சு இணைந்த கோடு தெரியும், மேலெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ்த் துளை இருக்கும், களிம்பு நகத்தால் கீறினால் வந்துவிடும். இரண்டு வகையிலும் உங்களுக்கு வேண்டாம். ரசீது தருகிற வியாபாரியிடம் எழுத்து தெரிகிற ஒன்றாக வாங்குங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்டதை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள், துபாய் மாமாவுக்குப் பரிசு கொடுக்கிற யோசனை இருந்தால்.

குடந்தைப் பத்தர் (கும்பகோணம்)

தம்பி, நாணயத்தையும் அந்த ஆளையும் கடைக்குக் கூட்டிவா. காலையில் வா, பத்து மணிக்கு மேல் ஆடி மிச்சத் துணிக்கடைக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. காய்ச்சி வடித்த தண்ணீர் பேட்டரிக் கடையில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வா, என்னிடம் தீர்ந்துவிட்டது. தண்ணீரில் போட விட மாட்டேன் என்று அவர் சொன்னால் பேசிக்கொண்டிருக்காதே, பாட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போ.